லாசரு ஒரு வார்த்தையும் பேசவில்லை

எங்கள் சபையில் ஈஸ்டர் என்றால் சாட்சி. அதிகாலை ஆராதனையில் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஆயர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று எல்லோரும் உரக்கப் பதில் சொல்லி, பாட்டும் வேதபாடமும் முடிந்ததும், வாழ்க்கை மாறிய ஒருவர் மைக் முன்னால் வந்து நிற்பார். குடியை விட்டவராக இருக்கலாம், வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து மனைவி பிள்ளைகளிடம் திரும்பி வந்தவராக இருக்கலாம். எருசலேமில் அன்றைக்கு நடந்தது இன்றைக்கு ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நடக்கிறது என்பதற்கு அவர்தான் அத்தாட்சி. எம்.சி. ரோட்டில் எடுத்த புதுத்துணி கசங்காமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதிலிருந்தே அந்த நேரத்துக்காகக் காத்திருப்பேன். பிரசங்கம் மறந்துபோகும், சாட்சி மறக்காது.

இப்போது அந்த வழக்கம் மனதை உறுத்துகிறது. சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உயிர்த்தெழுதல் ஒரு மனுஷனுடைய வாழ்க்கைக்குள் வருகிறபோது பக்கத்தில் நிற்கிற நமக்கு என்ன வேலை என்ற கேள்வியை ஒரு தம்பி என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டான். இத்தனை காலம் வேதம் படித்தும் அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. வந்த பிறகு விடவும் இல்லை.

அவன் ஞாயிறு பள்ளியில் என் வகுப்பில் இருந்த பையன். மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கினவன். வளர வளர சபைப் பக்கம் வருவது குறைந்தது, அப்புறம் நின்றது, ஒரு கட்டத்தில் புழல் ஜெயிலுக்குப் போனான். எதற்காகப் போனான், எத்தனை வருஷம் இருந்தான் என்பதை எழுதப்போவதில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது அவன் வைத்த ஒரே நிபந்தனை அதுதான். மேலே படித்தால் அந்த நிபந்தனை எவ்வளவு சரியானது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஜெயில் என்பது தூரத்து விஷயம் இல்லை. மத்திய சிறை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த காலத்திலேயே மனு போட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாக்களை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 2006-ல் சிறை புழலுக்குப் போன பிறகு அதே அம்மாக்கள் பஸ் ஏறிப் போனார்கள். சினிமாவில் எங்கள் ஊரைக் காட்ட வருகிறவர்கள் கத்தியைக் காட்டுவார்கள், அந்த அம்மாக்களைக் காட்ட மாட்டார்கள். இவனுடைய அம்மாவும் அப்படிப் போய் வந்தவர்தான். போகும்போது ஒரு முறை புது ஏற்பாட்டுப் புத்தகம் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப் போனார். அதை அவன் உள்ளே படித்தான். வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சபைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

2024 ஈஸ்டரில் அவன்தான் சாட்சி சொன்னான். நன்றாகச் சொன்னான். தன்னை வீரனாகவும் காட்டவில்லை, கேட்கிறவர்கள் பதறும்படி எதையும் கூட்டவும் இல்லை. அவன் அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சபையில் பாதிப்பேர் அழுதார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவனைச் சுற்றி நின்று கைகொடுத்தார்கள், ஜெபம் செய்தார்கள், ஒருவர் தோல் அட்டை போட்ட பைபிள் வாங்கிக் கொடுத்தார். சபையின் யூடியூப் நேரலையில் அந்தப் பகுதியை மட்டும் தனியே வெட்டி ஏற்றினார்கள். வேறு எதையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

அதற்கடுத்த மாதங்களில் அவன் வீடு தேடினான். மனைவி, மகளோடு மாமியார் வீட்டின் ஒரே அறையில் இருந்தான். காசிமேட்டில் ஐஸ் தூக்குகிற வேலை கிடைத்திருந்தது, வாடகை கொடுக்க முடியும், அட்வான்ஸுக்கும் சேர்த்து வைத்திருந்தான். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, டோல்கேட் பக்கம் என்று அலைந்தான். சில இடங்களில் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடித்து, பால் காய்ச்ச நாளும் குறித்த பிறகு, வீட்டுக்காரருடைய மகன் போனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டான். அவன் கதை வெளியே வந்தது நம் ஆராதனை வழியாகத்தான்.

அது போகட்டும், அவர்கள் வெளியார். எங்கள் சபையிலேயே ஒருவருக்கு மாடி போர்ஷன் காலியாக இருந்தது. அந்த ஈஸ்டர் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைக் கட்டிப்பிடித்தவர் அவர். நான்தான் போய்க் கேட்டேன். "தம்பி மாறினது சந்தோஷம் டீச்சர், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா நம்ம வீட்ல வயசுப் பொண்ணுங்க இருக்காங்க" என்றார். அவர் மோசமான மனுஷர் இல்லை. அவருக்குப் பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவன் உயிர்த்தெழுந்தான் என்று ஆராதனையில் நம்பினவருக்கு வீட்டு வாசலில் அதே நம்பிக்கை எங்கே போனது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

உள்ளே போய்ப் படுத்து எழுந்து காட்டு

அடுத்த லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், மறுபடியும் அவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஈஸ்டருக்கு மட்டுமில்லை, மே மாதத்தில் தெருமுனையில் நடக்கிற நற்செய்திக் கூட்டத்துக்கும் சேர்த்து. அவன் மாட்டேன் என்றான். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான், பேச்சு கிளம்பிவிட்டது. "பின்வாங்கிப் போய்ட்டான் போல", "பழைய சகவாசம் திரும்பிடுச்சோ என்னவோ", "கர்த்தர் செய்ததைச் சொல்ல வெட்கப்படுறவன்" என்றெல்லாம் நல்ல விசுவாசிகளே பேசினார்கள்.

2025-ல் பரிசுத்த வாரத்துக்குள்ளேயே மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வராவிட்டால் ஐஸும் வேண்டாம். அந்த நாட்களில் லாஞ்சுகளுக்கு மராமத்து நடக்கும், இவனுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை கிடைத்திருந்தது. துறைமுகத்தில் போய் அவனைப் பார்த்தேன். கையெல்லாம் நீலப் பெயிண்ட். படகு நிழலில் உட்காரச் சொல்லி டீ வாங்கி வந்தான்.

"சாட்சி சொல்ல மாட்டேன்னியாமே?"

"ஆமா டீச்சர்."

"வீடு கெடைக்கலன்னு கோவமா?"

"கோவம்லாம் இல்ல டீச்சர். போன வருஷம் சொன்னேன்ல, அதுக்கப்புறம் சபையில யாரு என்னப் பாத்தாலும் அந்தக் கதையத்தான் பாக்குறாங்க. புதுசா வர்றவங்களுக்குக் கூட்டினு வந்து காட்டுறாங்க, இவுருதான், அப்போ எப்டி இருந்தாரு தெரியுமான்னு. என் பொண்ணு அஞ்சாவது படிக்குது. அவ கூடப் படிக்கிற புள்ள அந்த வீடியோவப் பாத்துட்டு, உங்கப்பாவான்னு கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அவங்கம்மாகிட்டதான் அழுதிருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "நான் எழுந்துட்டேன்னு நம்புறேன் டீச்சர். சத்தியமா நம்புறேன். ஆனா வருஷா வருஷம் திரும்ப உள்ள போயிப் படுத்து, எழுந்து காட்டுன்னா எப்டி டீச்சர்?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் இன்னொன்றும் கேட்டான். அவன்மேல் பழைய வழக்கு ஒன்று இன்னும் நடக்கிறது, வாய்தா போட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், கோர்ட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயினன்னு நீங்கதான் எனக்கு மனப்பாடம் பண்ண வெச்சீங்க. வாய்தா மட்டும் பழசாவே வருதே டீச்சர்?" என்றான். குறையாகவோ கிண்டலாகவோ கேட்கவில்லை. பத்து வயதில் வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்பானே, அப்படித்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துக் கேட்டான்.

அன்று வீட்டுக்கு வந்து யோவான் 11-ஐத் திறந்தேன். செத்து நாலு நாளான லாசருவை இயேசு எழுப்பின அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். கல்லறையின் கறுப்பு வாய், வெள்ளைத் துணி சுற்றிய லாசரு, கையை நீட்டி நிற்கும் இயேசு. அந்தப் படத்தில் ஓரத்தில் நிற்கிற கூட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. இந்த முறை என் கண் அவர்கள்மேல்தான் போனது.

யார் எதைச் செய்கிறார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். "கல்லை எடுத்துப்போடுங்கள்" என்று இயேசு சொல்கிறார், எடுத்துப் போடுகிறவர்கள் அங்கே நின்றவர்கள். "லாசருவே, வெளியே வா" என்று கூப்பிடுகிறார், அது அவர் மட்டுமே செய்யக்கூடியது. செத்தவன் வெளியே வருகிறான். வந்தவனுடைய கையும் காலும் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருக்கின்றன, முகமும் மூடியிருக்கிறது. செத்தவனை எழுப்ப முடிந்தவருக்கு அந்தச் சீலையை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அவிழ்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்" என்றார். லாசருவிடம் நீயே கழற்றிக்கொள் என்றும் சொல்லவில்லை. கை கட்டியிருக்கிறவன் எப்படிக் கழற்றுவான்?

அவிழ்ப்பது லேசான வேலையும் இல்லை. "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்று சொன்னது எதிரியோ அவிசுவாசியோ அல்ல, சொந்தச் சகோதரி மார்த்தாள். நாலு நாள் பிணத்தின்மேல் இருந்த துணியைக் கையால் தொட்டு அவிழ்க்க வேண்டும். பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டுப்பட்டிருப்பான் என்று எண்ணாகமத்தில் படித்து வளர்ந்த ஜனங்கள் அவர்கள். இவன் இப்போது பிணமா மனுஷனா என்ற குழப்பம் அந்த நிமிஷத்தில் அவர்களுக்கு இருந்திருக்கும். மாடி போர்ஷன்காரருக்கு இருந்த பயம் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனாலும் யாரோ கிட்டே போயிருக்கிறார்கள், யாரோ முதல் முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். அவர்கள் பேர் எழுதப்படவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. லாசரு பேசவே இல்லை. யோவான் சுவிசேஷம் முழுக்கத் தேடினாலும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. நாலு நாள் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்தவன்! அவனைவிடப் பெரிய சாட்சி யார் சொல்ல முடியும்? அடுத்த அதிகாரத்தில் அவனை மறுபடியும் பார்க்கிறோம். பெத்தானியாவில் இராவிருந்து நடக்கிறது. மார்த்தாள் பரிமாறுகிறாள். லாசரு "பந்தியிருந்தவர்களில் ஒருவனாயிருந்தான்" என்று யோவான் எழுதுகிறார். அவனைப் பார்க்கவே ஒரு கூட்டம் வருகிறது. பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொன்றுவிட யோசிக்கிறார்கள், ஏனென்றால் அவன் நிமித்தம் அநேகர் இயேசுவை விசுவாசித்தார்கள். சாட்சி அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. அவன் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதுவே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒருவரிடம் சொல் என்றார், ஒருவரிடம் சொல்லாதே என்றார்

இதையெல்லாம் ஆயரிடம் சொன்னேன். அவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "சாட்சியே வேண்டாம்னு சொல்றீங்களா டீச்சர்? இந்த ஏரியாவில சாட்சி கேட்டு எத்தனை குடும்பம் வந்திருக்கு, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு உடைந்துபோயிருக்கிற ஒரு அம்மா, அதே குடியிலிருந்து எழுந்து வந்த ஒருவன் பேசுவதைக் கேட்டால் இன்னும் ஆறு மாதம் ஜெபிக்க அவளுக்குத் தெம்பு வரும். அதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

மாற்கு 5-ல் இதற்கு ஒரு வழி தெரிகிறது. ஒரே அதிகாரத்தில் இரண்டு பேர் சாவிலிருந்து திரும்புகிறார்கள். ஒருவன் கல்லறைகளுக்குள்ளேயே குடியிருந்தவன், சங்கிலிகளை முறித்தவன், இராவும் பகலும் கூக்குரலிட்டுத் தன்னைக் கல்லுகளினால் காயப்படுத்திக்கொண்டவன். அவன் குணமான பிறகு உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு அவனைத் தன்னோடு ஊர் ஊராகக் கூட்டிப்போய் மேடையில் நிறுத்தவில்லை. உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடம் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்கிறார். யார் அவனுக்காக அழுதார்களோ அவர்களிடம். மற்றொருத்தி யவீருவின் மகள், பன்னிரண்டு வயதுப் பெண். அவளை எழுப்பினதும் இதை ஒருவருக்கும் தெரிவிக்காதீர்கள் என்று உறுதியாகக் கட்டளையிடுகிறார், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அந்தக் குழந்தை நாளைக்குத் தெருவில் விளையாடப் போக வேண்டும். 'செத்துப் பிழைத்தவள்' என்று விரல் நீட்டாத ஒரு தெரு அவளுக்கு வேண்டும். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அஞ்சாம் வகுப்பு படிக்கிற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். சாட்சி யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லாமல் இருப்பது எப்போது என்பதை எழுந்து வந்தவனுக்கும் எழுப்பினவருக்கும் நடுவில் விட்டுவிட வேண்டும் என்றுதான் ஆயரிடம் சொன்னேன். கமிட்டி முடிவு செய்கிற விஷயம் இல்லை அது. நம்மிடம் கேட்டிருப்பது வேறு இரண்டு வேலைகள்: சீலையை அவிழ்ப்பது, சாப்பாடு போடுவது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு, கேட்காததை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

வாய்தா கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த வசனத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். 'எல்லாம் புதிதாயின' என்பதை நாம் சொல்கிற விதத்தில், பழைய வாழ்க்கை அடையாளமே இல்லாமல் போய்விடும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பு அப்படி இல்லை. மரணம் இனி தொட முடியாத உடம்பு, பூட்டின அறைக்குள் வந்து நிற்கிற உடம்பு, ஆனால் கையில் ஆணி ஏறின இடமும் விலாவில் ஈட்டி குத்தின இடமும் அப்படியே இருக்கின்றன. பிதா அதை ஆற்றி அழித்திருக்க முடியாதா? அழிக்கவில்லை. அந்தக் காயங்களை இயேசு யாருக்குக் காட்டினார் என்பதையும் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்த தன் சிநேகிதர்களுக்கு, எட்டு நாள் கழித்து தோமாவுக்கு. பிலாத்துவிடமோ, சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தின கூட்டத்திடமோ போய், பாருங்கள் எழுந்துவிட்டேன் என்று அவர் நிற்கவில்லை.

ஆகையால் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். வாய்தா உன் காயம். நீ புதியவனாகவில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. புதிய சிருஷ்டி அந்தக் கோர்ட் வராண்டாவில் நிற்கிறது, தப்பித்து ஓடாமல் நிற்கிறது, அங்கேயும் கிறிஸ்துவுக்குள் நிற்கிறது. பவுல் ரோமர் 6-ல் ஞானஸ்நானத்தைச் சாவும் அடக்கமும் என்று சொல்லிவிட்டு, புதிதான ஜீவனில் நடந்துகொள்ளும்படி என்றுதான் முடிக்கிறார். நடப்பது என்றால் நாளைக்கும் நடக்க வேண்டும், கூலி போனாலும் நடக்க வேண்டும். அவன் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "அப்போ அடுத்த வாய்தாவுக்கு யாராச்சும் கூட வருவாங்களா டீச்சர்?" என்றான். என் விளக்கத்தைவிட அவன் கேள்வி லாசருவுக்குப் பக்கத்தில் இருந்தது. போனேன். இப்போது நான் போக முடியாத நாளில் பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் போகிறார்.

கடற்கரையில் ஒரு காலைச் சாப்பாடு

பேதுருவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஊரே அவர் பேரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ராயப்பர் என்று கத்தோலிக்கர் சொல்வது அவரைத்தான், படகுத் தொழில் செய்த குருகுல வம்சத்தார் 1829-ல் கட்டிய புனித பேதுரு ஆலயம் இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்ததைப் பார்த்த பிறகும் பேதுரு செய்தது, "மீன்பிடிக்கப்போகிறேன்" என்று படகேறினதுதான். இரா முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். காசிமேட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் வெறும் வலை இழுத்துவிட்டு வருகிறவனுக்கு விடியற்காலையில் என்ன தேவை என்று சமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், இதே மாதிரி ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டுதான் அவரை அறியேன் என்று பேதுரு மறுதலித்தார். அந்தக் கதை சீஷர்கள் எல்லோருக்கும் தெரியும். இயேசு அந்த இராத்திரி என்ன நடந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்ட பிறகு என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். முதலில் சாப்பாடு, அப்புறம் அன்பைப் பற்றிய கேள்வி, அதோடு சேர்த்தே வேலை. மறுதலித்தவனிடம் ஆடுகளை ஒப்படைக்கிறவருடைய சபை நாம். ஜெயிலிலிருந்து வந்தவனிடம் மைக்கைக் கொடுக்கிறோம், ஞாயிறு பள்ளி ஆண்டு விழா கணக்கை ஒப்படைப்போமா? காணிக்கைப் பை பிடிக்க விடுவோமா? இதை நான் கமிட்டியில் கேட்டபோது அறை அமைதியாகிவிட்டது.

சபையைத் துன்பப்படுத்தி, பிற்பாடு பவுல் ஆன சவுலுக்கும் இதே கதைதான். தமஸ்கு வழியில் வெளிச்சம் வந்தது, சத்தம் வந்தது, ஆனால் கண் திறக்க அனனியா என்ற சீஷர் வர வேண்டியிருந்தது. அனனியாவுக்கு நடுக்கம், இவன் எருசலேமில் செய்ததையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேனே என்று ஆண்டவரிடமே வாதாடினார். ஆனாலும் போய்க் கையை வைத்து அவர் சொன்ன முதல் வார்த்தை 'சகோதரனாகிய சவுலே'. பிறகு சவுல் சாப்பிட்டுப் பலப்பட்டான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. எருசலேமிலோ சீஷர்கள் அவனை நம்பாமல் பயந்தார்கள், பர்னபா கூட்டிக்கொண்டு போய் அவனுக்காகப் பேசினான். பவுல் என்ற மனுஷன் நமக்குக் கிடைத்தது அந்த இரண்டு பேர் செய்த காரியத்தால்.

ஆதிச் சபைக்கு இது தெரிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் தன் பயணக் குறிப்பில், ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற வருகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். லெந்து தொடக்கத்தில் பேராயர் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிப்பார். விசாரிப்பது அக்கம்பக்கத்தாரிடம். இவர் நல்லபடியாக நடக்கிறாரா, பெற்றோரை மதிக்கிறாரா, குடிகாரர் இல்லையே என்று கேட்பார். ஒருவருடைய மாற்றத்துக்கு அங்கே அடுத்த வீட்டுக்காரர்தான் சாட்சி சொல்ல வேண்டும். படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

சரி, நம்மால் முடிகிறதா என்று பார்ப்போம் என்று நானும் இன்னும் சிலரும் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்காரரிடம் போனோம். சபைக்காரர் இல்லை, வேறு மதத்தவர். கதை எதுவும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. தம்பி புழலில் இருந்து வந்தவன், ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே எங்களுக்குத் தெரியும், வாடகை தவறினாலோ வேறு எது நடந்தாலோ எங்களைக் கேளுங்கள் என்று எங்கள் போன் நம்பர்களை எழுதிக் கொடுத்தோம். அவர் யோசித்தார், வீட்டம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார், கொடுத்தார். இன்றுவரை அந்தப் போன் எங்களுக்கு வரவில்லை. பொங்கலுக்கு அந்த வீட்டம்மா அவன் மகளுக்குக் கரும்பு கொடுத்ததாகச் சொன்னான்.

யூடியூபிலிருந்து அந்த வீடியோவை எடுக்கச் சொல்லிக் கேட்டோம், எடுத்தார்கள். ஈஸ்டர் சாட்சி நிற்கவில்லை, அது நிற்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. விரும்பி வருகிறவரை மட்டும் கூப்பிடுவது, நேரலையில் அந்தப் பகுதியை நிறுத்திவிடுவது என்று ஆயர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கமிட்டியில் சிலருக்கு இன்னும் வருத்தம்தான், சுவிசேஷ ஊழியம் குறைந்துவிடும் என்கிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பேன்.

எங்கள் சபையில் இன்னொரு அம்மாவின் மகன் ஜூனில் வெளியே வருகிறான். அந்த அம்மா என்னிடம் ஜெபம் கேட்கவில்லை, டோல்கேட் பக்கம் ஏதாவது வீடு தெரியுமா என்று கேட்டார். மாடி போர்ஷன்காரர் வீடு மறுபடியும் காலியாக இருக்கிறது. போன ஞாயிறு பெண்கள் ஐக்கியத்தில், அவரிடம் பேச என்னோடு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள், அதில் ஒருவர் அவருடைய மனைவி. வியாழக்கிழமை சாயங்காலம் போகிறோம்.